தவளையைத் திருப்பி வைத்தது யார்?

வீடு கட்டறீங்களா தம்பி? நீங்க போன்ல பேசுனது காதுல விழுந்துதுங்க. ஒட்டுக் கேக்கலைங்க, பஸ் சீட்டுல இவ்வளவு நெருக்கி உக்காந்துட்டு காதை மட்டும் எங்க கொண்டுபோய் வெக்கறது? கொத்தனாருகிட்டத்தானே பேசுனீங்க? வாசக்கால் கெழக்கால வெக்கறதா வடக்கால வெக்கறதான்னு. அதுதான் நமக்குத் தொழிலுங்க. வாஸ்து இல்லீங்க. வாஸ்துக்காரங்க செவுத்தை இடிக்கச் சொல்லுவாங்க. நான் இத்தனை வருசத்துல ஒரு செங்கல்லைக்கூட இடிக்கச் சொன்னதில்ல. நம்முளுது பெங்சூய். சீனாக்காரங்க சாஸ்திரம். பெங்சூய் குழந்தைவேலுன்னு காங்கேயத்துல யாரை வேணும்னாலும் கேட்டுப் பாருங்க. இப்பக் கேக்காதீங்க. முன்னால கேட்டிருந்தா சொல்லிருப்பாங்க.

முதல்ல கிஃப்ட் கடைதானுங்க வெச்சிருந்தேன். சிரிக்கிற புத்தர், வாயில காசு கடிச்சிட்டிருக்கிற மூணு கால் தவளை, காத்துல கிணுகிணுங்கற மணி, இதெல்லாம் விப்பேன். வாங்க வர்றவங்க, "இதை எந்தப் பக்கம் வெக்கறதுங்க?"ன்னு கேப்பாங்க. தெரியாதுன்னா வாங்காமப் போயிருவாங்க. அதுக்காகவே மெட்ராசுல ஒரு வகுப்புக்குப் போய்ப் படிச்சுட்டு வந்தேன். சர்டிபிகேட் இருக்குது. கண்ணாடி போட்டு மாட்டியிருக்கேன்.

ஒரு கொலைக் கேசே கண்டுபுடிச்சிருக்கேன் தம்பி. சிரிக்காதீங்க. டாக்டரு மாரடைப்புன்னு சொல்லிட்டாரு. வீட்டுக்காரங்களும் மாரடைப்புன்னு நம்பிட்டாங்க. நான் ஒருத்தன்தான் இல்லைன்னு சொன்னவன். கடைசியில யாரு சொன்னது சரியாப் போச்சு? நான் சொன்னதுதானுங்க.

தெய்வசிகாமணின்னு ஒருத்தரு. டிரைவிங் ஸ்கூல் வெச்சிருந்தாரு. எங்க ஊருல கார் ஓட்டறவங்கள்ல பாதிப்பேருக்கு அவருதான் சொல்லிக் குடுத்தது. எனக்கும் அவருதான். சொல்லிக் குடுக்கற வண்டியில அவரு காலடியிலயும் ஒரு பிரேக் இருக்குமில்லீங்களா, நான் ஓட்டறப்ப அவரு காலு அதைவிட்டு எந்திரிக்கவே எந்திரிக்காது. "ஏனுங்ணா, வண்டிய நீங்க ஓட்டறீங்களா, நான் ஓட்டறனா?"ன்னு கேட்டுச் சிரிப்பாரு. கோவிச்சுக்கவே மாட்டாரு. பால்காரர் சைக்கிள்ல கொண்டுபோய் மோதுனப்பக்கூடக் கோவிச்சுக்கல. அப்படி ஒரு மனுசன்.

பஸ் ஸ்டாண்டு பக்கத்துல ஏசி போட்டுப் புதுசா ஒரு டிரைவிங் ஸ்கூல் வந்துது. இவருக்குக் கூட்டம் கொறைஞ்சு போச்சு. ஒருநாள் கடைக்கு வந்து, "அண்ணா, வீட்டை வந்து ஒருக்கா பாத்துச் சொல்லுங்களேன்"னாரு. நம்பிக்கை இருந்துதோ இல்லையோ தெரியல. நான் கடையில சும்மா உக்காந்திருக்கறதப் பாத்துட்டு, நமக்கு ஒரு வேலை குடுக்கலாம்னுகூட நெனைச்சிருப்பாரு. போய்ப் பாத்தேன். பாத்தா, தென்கிழக்கு மூலையில பாத்ரூம்! தென்கிழக்குங்கறது செல்வ மூலைங்க. அங்க பாத்ரூம் இருந்தா என்ன ஆகும்? வர்றதெல்லாம் தண்ணியோட ஓடிரும்.

காத்துல ஒரு சக்தி இருக்குதுங்க. உயிர்ச்சக்தி. சீனாக்காரங்க அதுக்கு வெச்சிருக்கற பேரு 'சீ'. பேரே அதுதானுங்க, நான் என்ன பண்ணட்டும்? அவரு சம்சாரம் வசந்தாமணியும் இப்படித்தான் சிரிச்சுது. "ஏனுங்ணா, பாத்ரூமுக்குள்ள இருக்கறதை சீன்னு சொல்றதுக்கு சீனாக்காரங்க எதுக்குங்ணா?"ன்னு கேட்டுது. கெட்டிக்காரி. கூடப் பொறந்தவங்க யாரும் கெடையாது அதுக்கு. என்னைத்தான் அண்ணா அண்ணான்னு கூப்புடும்.

நான் சொன்னது ரொம்ப சுலபமான பரிகாரமுங்க. "வெண்டிலேட்டர் வழியா சீ வெளிய போகுது. அதை அடைச்சுப்போடுங்க. கதவையும் எந்நேரமும் சாத்தியே வைங்க." அவ்வளவுதான். பிளைவுட் வாங்கிட்டு வந்தது அவரு. ஆணி அடிச்சது அவரு. சந்துபொந்துல பசை வெச்சு அடைச்சது அவரு. நான் ஸ்டூலத்தான் புடிச்சிட்டிருந்தேன். பலகை மொட்டையா இருக்குதேன்னு மேல ஒட்டறதுக்கு ஒரு தங்கமீன் படம் மட்டும் நான் குடுத்தனுங்க. நல்ல படம். ரெண்டு மீனு, செவப்பு.

அந்த பாத்ரூமுக்குள்ள கேஸ்ல எரியற வெந்நி மிஷின் ஒண்ணு மாட்டியிருந்துது. கேஸ் கீசர்ம்பாங்களே. அது நான் போறதுக்கு முன்னாலிருந்தே இருந்துதுங்க. அதுக்கும் எனக்கும் சம்பந்தமில்ல.

பரிகாரம் பண்ணுன கையோட டிரைவிங் ஸ்கூல்ல கூட்டம். காலேஜு புள்ளைங்க கும்பல் கும்பலா வந்து சேந்தாங்க. காலேஜு லீவு விட்டிருக்கறதனாலன்னு அவரு தம்பி ஈஸ்வரமூர்த்தி சொன்னாரு. அவருக்கு நம்ம மேல எப்பவுமே ஒரு எளக்காரம். ஹால்ல நான் மாட்டுன மணியச் சத்தம் போடுதுன்னு கழட்டி வெச்சவரு அவருதான். இதை மனசுல வெச்சுக்கங்க, சொல்றேன்.

அப்பறம் நம்ம தெய்வசிகாமணி, குளிச்சுட்டு வந்தாத் தலை வலிக்குது, கிறுகிறுங்குதுன்னு சொல்ல ஆரம்பிச்சாரு. போய்ப் பாத்தேன். பாத்தவுடனே தெரிஞ்சுபோச்சு. கட்டிலுக்கு நேரா பீரோ கண்ணாடி! தூங்கறவனோட சக்தியெல்லாம் அது உறிஞ்சிருமுங்க. கட்டிலைத் திருப்பிப் போடச் சொன்னேன். போட்டாரு. "இப்ப எப்படிங்க இருக்குது?"ன்னு கேட்டேன். "பரவால்லீங்ணா"ன்னாரு. நாலு நாள் கழிச்சுக் கேட்டேன், "பரவால்லீங்ணா"ன்னாரு. நெத்தியத் தேச்சுட்டேதான் சொன்னாரு. எதிராளி மனசு நோகற மாதிரி ஒரு வார்த்தை சொல்லத் தெரியாதுங்க அவருக்கு.

மார்கழி மாசம். சனிக்கிழமை. எண்ணெய் தேச்சுட்டுக் குளிக்கப் போனவரு வெளிய வரல. எண்ணெய் போகறதுக்கு வெந்நிய ஊத்தி ஊத்திக் குளிக்கோணுமில்லீங்களா, நேரமாகும்னு வசந்தாமணியும் விட்டிருச்சு. சட்னி அரைச்சு முடிச்சுட்டுத்தான் கதவைத் தட்டியிருக்குது. பொறவு ஈஸ்வரமூர்த்தி ஓடி வந்து கதவை ஒடைச்சாரு. நான் போறப்ப ஹால்ல படுக்க வெச்சிருந்தாங்க. மொகம் நல்லாச் செவச் செவன்னு இருந்துது. தூங்கறவரு மாதிரியே இருந்தாரு. இப்பப் பேசி முடிச்சுட்டுப் படுத்தவரு மாதிரி.

எல்லாரும் அழுதாங்க. எனக்கும் அழுகை வந்துதுங்க. ஆனா எனக்கு ஒரு யோசனை ஓடிட்டே இருந்துது. நான் சரி பண்ணுன வீடு இது. நான் சரி பண்ணுன வீட்டுல சாவு வரக்கூடாது. வந்திருக்குதுன்னா? யாரோ எதையோ பண்ணியிருக்கறாங்க. வேற எப்படி வரும்? நீங்களே சொல்லுங்க.

சுத்திப் பாத்தேன். அந்த மூணு கால் தவளை இருக்குதே, அது வாசலுக்கு முதுகைக் காட்டி வீட்டைப் பாத்து இருக்கோணும். அப்பத்தான் செல்வமும் ஆயுசும் உள்ள வரும். நான் என் கையால வெச்சது. அன்னிக்கு அது செவுத்தைப் பாத்துத் திரும்பியிருந்துது! யாரு திருப்புனது? பையில திசைகாட்டி இருந்துது, எடுத்து வெச்சு அளந்தேன். பொம்பளைங்க ஒப்பாரிய நிறுத்திட்டு என்னையே பாத்தாங்க. பாத்தாப் பாக்கட்டும். தடயம் கலைஞ்சு போயிருமில்லீங்களா?

ஈஸ்வரமூர்த்தியத் தனியாக் கூப்புட்டு, "தவளையத் திருப்புனது யாருங்க?"ன்னேன். அவரு என்னை ஒரு பார்வை பாத்தாரு. "குழந்தையண்ணா, என் அண்ணன் செத்துக் கெடக்கறாரு"ன்னாரு. பதில் சொல்லல பாத்தீங்களா? அவருக்கும் அண்ணனுக்கும் தோட்டத்துக்குப் போற வழித்தடத்துல ஒரு வாய்த்தகராறு வேற இருந்துது. மணியக் கழட்டுனவரு. தவளையப் பத்திக் கேட்டாப் பதில் சொல்லாதவரு. எனக்கு முடிச்சு அவுந்துபோச்சு. நேரா ஸ்டேஷனுக்குப் போயிட்டேன்.

எஸ்.ஐ. ஒரு பொம்பளைப்புள்ள, தமிழரசின்னு பேரு. பொறுமையாத்தான் கேட்டுது. "யாரு மேலங்க சந்தேகம்?" "தவளையத் திருப்புனவரு மேலங்க." எழுதிட்டிருந்த பேனாவக் கீழ வெச்சிருச்சு. மறுபடியும் முதல்ல இருந்து சொல்லச் சொல்லிக் கேட்டுது. தவளைக் கதையெல்லாம் கேட்டுட்டுக் கண்ணத் தேச்சுக்கிச்சு. ஆனா கல்லு மாதிரி இருந்த ஆளு, திடீர்ச் சாவு, சொத்துத் தகராறுன்னு ஒருத்தன் கையெழுத்துப் போட்டு எழுதிக் குடுத்துட்டா அவங்களும் என்ன பண்ணுவாங்க? எடுக்கறதுக்கு முன்னால வந்து நிறுத்திட்டாங்க. பாடை கட்டியாச்சு தம்பி. கட்டுன பாடைய அவுத்தாங்க.

வசந்தாமணி ஓடி வந்து என் ரெண்டு கையையும் புடிச்சுக்கிச்சு. "அண்ணா, உங்க பேச்சைத்தானே கேக்கறாங்க. வேண்டாம்னு சொல்லிருங்ணா. அவரை அறுக்க விடாதீங்ணா. ஊசி போட்டாலே பயந்துக்குவாருங்ணா." அப்படிக் கெஞ்சுச்சு. ஊரே பாத்துட்டு நிக்குது. நான் என்ன சொன்னேன் தெரியுங்களா? "அம்மிணி, நியாயம் கெடைக்கோணும். உன்ர புருசனுக்கு நான் நியாயம் வாங்கிக் குடுக்கறேன்"னேன். கையை விட்டிருச்சு.

ஜி.எச்.ல பிரேதப் பரிசோதனை முடியற வரைக்கும் வெளிய உக்காந்திருந்தோம். நானும் ஈஸ்வரமூர்த்தியும். வேற யாரு உக்காருவாங்க? எதிர்க்க டீக்கடை. அவரு எந்திரிச்சுப் போயி ரெண்டு டீ வாங்கிட்டு வந்தாரு. எனக்கும் ஒண்ணு. கொலைகாரன்னு எழுதிக் குடுத்தவனுக்கு டீ வாங்கிட்டு வர்றாரு பாருங்க. உள்ளங்கையில கதவு ஒடைச்ச காயம், கட்டுக்கூடப் போடல. டீயக் குடிக்காம கையிலயே வெச்சிட்டிருந்தாரு. அதைப் பாத்துட்டே சொன்னாரு. "நாந்தாங்ணா திருப்பி வெச்சேன். அண்ணனைக் கொண்டுவந்து படுக்க வெச்சா, அந்தத் தவளை வாயில காசக் கடிச்சுட்டு அவரு மொகத்தையே பாத்து இளிக்குது. பாக்க முடியல. அதனாலதான் செவுத்துப் பக்கம் திருப்புனேன்."

தவளைக் கணக்கு தீந்துபோச்சு. நானும் டீயக் கீழ வெச்சுட்டேன். எந்தத் தொழில்லயும் ஒரு தடயம் தப்பாப் போறது சகஜந்தானுங்க.

அப்பறம் டாக்டரு எஸ்.ஐ. அம்மாகூட வந்து சொன்னாரு. மாரடைப்பு இல்லையாம். மொகம் செவந்திருக்குதே, ரத்தமும் அப்படித்தான் செவந்திருக்குதாம். வெசக் காத்து. கேஸ் அடைச்ச ரூமுக்குள்ள எரிஞ்சா அப்படி ஒரு காத்து வருமாம். வாசமே இருக்காதாம், மொதல்ல தலைவலி வருமாம், கிறுகிறுங்குமாம், பொறவு தூக்கம் வர்ற மாதிரி இருக்குமாம். பாத்தீங்களா? நான் சொன்னனா இல்லையா, இது சாதாரணச் சாவு இல்லைன்னு! எஸ்.ஐ. அம்மாவத் திரும்பிப் பாத்தேன். அந்தப் புள்ள என்னையப் பாக்கல.

அங்கிருந்து எல்லாரும் வீட்டுக்கு வந்தோம். எஸ்.ஐ. பாத்ரூமுக்குள்ள போச்சு. மிஷினப் பாத்துது. மேல பாத்துது. பலகை. பலகையில தங்கமீனு. ஒரு மூலை ஆவி பட்டுப் பட்டு உரிஞ்சு தொங்கிட்டிருந்துது. வெளிய வந்து, "வெண்டிலேட்டரை அடைச்சது யாரு?"ன்னு கேட்டுது.

ஈஸ்வரமூர்த்தி என்னையப் பாத்தாரு. இந்துஜா, அவிங்க ஒரே பொண்ணு, கோயமுத்தூர்ல படிச்சிட்டிருந்துது, அப்பத்தான் வந்து எறங்குனது, அதுவும் என்னையப் பாத்துது. நான் ஒரு சொம்புத் தண்ணி வாங்கிக் குடிச்சேன். காலையில இருந்து ஒண்ணும் சாப்புடலைங்க, அதுதான்.

வசந்தாமணிதான் பேசுச்சு. செவுத்துல சாஞ்சு உக்காந்திருந்துது, எந்திரிக்கல. "அவருதானுங்க அடைச்சாரு. கொசு வருதுன்னு."

எஸ்.ஐ. கேட்டுது: "யாராவது அடைக்கச் சொன்னாங்களாம்மா?"

"யாரும் சொல்லலைங்க. கொசுத் தொல்லை. அவராத்தான் அடைச்சாரு."

எஸ்.ஐ. மீன் படத்தைத் திரும்பிப் பாத்துது. என்னையப் பாத்துது. வசந்தாமணியப் பாத்துது. பொறவு அப்படியே எழுதிக்கிச்சு. விபத்துன்னு கேசு முடிஞ்சுபோச்சு.

கேட்டீங்களா தம்பி? கொசுவாம்! நான் சீ வெளிய போகுதுன்னு சொன்னது வேற, அது அவரு காதுல ஏறுச்சோ இல்லையோ, ஆனா அவரு அடைச்சது கொசுவுக்காக. பொண்டாட்டிக்குத் தெரியாததா? போலீசுக்கு முன்னால, புருசன் பொணம் ஜி.எச்.ல கெடக்கையில, யாராவது பொய் சொல்லுவாங்களா? யாருக்காகச் சொல்லோணும்? எங்க ஊருல சில பேரு இன்னிக்கும் வேற மாதிரிப் பேசிட்டுத் திரியறாங்க. அவிங்களுக்கெல்லாம் நான் சொல்றது இதுதான்: வசந்தாமணி வாயாலயே சொல்லுச்சு, போய் ஸ்டேஷன்ல கேட்டுக்குங்கன்னு.

எல்லாரும் கலைஞ்சு போறப்ப இந்துஜா வாசல் கேட் பக்கத்துல வந்து நின்னுச்சு. "மாமா, அப்பா உங்ககிட்டத் தலை வலிக்குதுன்னு சொன்னாருங்களா?" "சொன்னாரு கண்ணு." "நீங்க என்ன சொன்னீங்க?" "கட்டிலைத் திருப்பிப் போடச் சொன்னேன் கண்ணு." சரீன்னு தலைய ஆட்டிட்டு உள்ள போயிருச்சு. படிச்ச புள்ள. அதுக்கு மேல ஒண்ணும் கேக்கல.

கருமாதிக்குப் போயிருந்தேன். சாப்புடறதுக்கு முன்னாலயே வசந்தாமணி ஒரு கட்டைப்பைய எடுத்துட்டு வந்து குடுத்துது. புத்தர், தவளை, மணி, எல்லாம் இருந்துது. ஒவ்வொண்ணையும் ஒடையாம பேப்பர்ல சுத்தி, நூலு போட்டுக் கட்டியிருந்துது. மீன் படத்தைக்கூடக் கிழியாம உரிச்சு எடுத்து வெச்சிருந்துது. "கொண்டுபோயிருங்ணா"ன்னுது. துக்க வீட்டுல மங்கலப் பொருள் இருக்கக்கூடாதுன்னு அதுக்கே தெரிஞ்சிருக்குது பாருங்க. நான் சொல்லிக் குடுத்ததுதான். அப்பறம், "இனிமே வர வேண்டாங்ணா"ன்னுது. மெதுவாத்தான் சொல்லுச்சு. எனக்கு அப்ப முட்டிவலி. வண்டி ஓட்டிட்டு அவ்வளவு தூரம் எதுக்கு வர்றதுன்னு சொல்லியிருக்கும். நல்ல மனசு அதுக்கு.

என்னையக் கேட்டா அந்த மிஷின் செஞ்சவன்தான் தம்பி கொலைகாரன். இல்லைன்னா மாட்டுனவன். அவனையெல்லாம் புடிக்க மாட்டாங்க. அதை எவ்வளவோ தடவை யோசிச்சு யோசிச்சுப் பாத்துட்டேன், குற்றவாளி அவன்தான். வேற யாரும் இல்ல.

கடைய மூடிட்டேன். யாவாரம் இல்ல, காலம் மாறிப்போச்சு. வீட்டுல பாத்ரூமுல குளிக்கறதையும் விட்டுட்டேன். வெளிய தண்ணித் தொட்டிக்கிட்ட நின்னு ரெண்டு சொம்பு ஊத்திக்குவேன். மருமக சத்தம் போடும், வயசான காலத்துல பனியில நின்னு குளிக்கறாருன்னு. உள்ள போயிக் கதவைச் சாத்துனா மூச்சு முட்டுது. பிரஷருங்க. டாக்டரு மாத்திரை குடுத்திருக்கறாரு.

நானா? கல்யாணத்துக்குப் போறேன். இந்துஜாவுக்குத்தான் கல்யாணம், இன்னிக்கு. பத்திரிகை வரலைங்க, தபால்ல தொலைஞ்சிருக்கும். பூக்கடைக்காரரு சொல்லித்தான் தெரியும். பத்திரிகை வராட்டி என்ன, நான் போகாம இருக்க முடியுங்களா? அந்தப் புள்ள வயசுக்கு வந்தப்ப தாய்மாமன் சீர் நான்தான் செஞ்சேன். வசந்தாமணிக்குக் கூடப்பொறந்தவன் இல்லையே. என்னைய உக்கார வெச்சு, என் கையாலதான் புடவை குடுக்கச் சொன்னாங்க. தெய்வசிகாமணிதான் எனக்குத் தலையில உருமால் கட்டிவிட்டாரு. இப்பவும் ஒரு பட்டுப்புடவை எடுத்துட்டுத்தான் வந்திருக்கேன். பச்சை. பச்சைன்னா அதுக்கு உசுரு. தாய்மாமன் எடத்துல யாராச்சும் நிக்கோணுமில்லீங்களா? யாரை நிறுத்தியிருக்கறாங்களோ என்னமோ.

இந்தா, இந்த மண்டபம்தானுங்க. வாழை மரம் கட்டியிருக்குது பாருங்க. வாசல்ல சந்தனத் தட்டு வெச்சுட்டு நிக்கறது வசந்தாமணி. அதுவேதானுங்க. தலை நரைச்சுப்போச்சு. புருசன் இல்லாதவ வாசல்ல நிக்கக்கூடாதுன்னு யாராச்சும் சொல்லியிருப்பாங்க, கேக்க மாட்டா. பக்கத்துல உருமால் கட்டிட்டு ஈஸ்வரமூர்த்தி.

இல்லீங்க, பைய எடுத்துக் குடுக்க நீங்க எந்திரிக்காதீங்க. உக்காருங்க, உக்காருங்க. வாசலுக்கு நேரா ஒரு கரண்டுக் கம்பம் நிக்குது, பாத்தீங்களா? அப்படிப்பட்ட வாசல்ல இந்த நேரத்துல நொழையக்கூடாதுங்க. சாஸ்திரப்படி நல்லதில்ல. எனக்கில்ல, பொண்ணு மாப்பிள்ளைக்கு. அந்தப் புள்ளைக்கு என்னால ஒண்ணு வந்துறக்கூடாது பாருங்க.

ஆமாங்க கண்டக்டரு, மண்டபம்னுதான் டிக்கெட் எடுத்தேன். எறங்கலைங்க. தாராபுரத்துக்கு ஒண்ணு போட்டுக் குடுங்க. விசில் குடுங்க, வண்டி போகட்டும்.

தம்பி, நீங்க சன்னலோரமா இருக்கறீங்க. எனக்குக் கண்ணு சரியாத் தெரியல. வண்டி நின்னப்ப வசந்தாமணி இந்தப் பக்கம் திரும்பின மாதிரி இருந்துது. என்னையப் பாத்துதுங்களா?